பாதி மாத்திரை

“மாத்திரை அட்டையை என் கையில கொடு.”

காலை ஏழரை மணிக்குச் சமையலறை வாசலில் நின்றுகொண்டு டிகிரி இதைக் கேட்டாள். சட்டைப் பைக்குள் போன அண்ணனின் கை பைக்குள்ளேயே நின்றுவிட்டது. தண்ணீர் டம்ளரோடு வந்த அம்மா டம்ளரோடே நின்றாள். தனி அறை கேள், புது செருப்பு கேள், வானத்தை வில்லாக வளைத்துத் தரச் சொல், இது ஒன்றை மட்டும் கேட்காதே என்று ஒன்பது வாரத்துக்கு முன்பே அவளிடம் சொல்லியாகிவிட்டது. சொன்னது டாக்டர். காவலுக்கு நின்றது வீடு.

அவளுக்கு ஒரு பெயர் உண்டு. அது தொழிற்சாலையின் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருக்கிறது. அந்தக் குடும்பத்தில் கல்லூரிக்குள் போய்ப் படித்த முதல் ஆள் அவள்தான். அம்மாவும் பல கல்லூரிகளுக்குள் போயிருக்கிறாள், துடைப்பத்தோடு. வேதியியலில் பட்டம் வாங்கிய அன்று அண்ணன், “வாம்மா டிகிரி” என்று கூப்பிட்டான். அன்றிலிருந்து அதுவே ஒட்டிக்கொண்டது. திட்டுவதானாலும் டிகிரி, சாப்பிடக் கூப்பிடுவதானாலும் டிகிரி.

“நேத்து டாக்டர் கேட்டாங்க” என்றாள். “எந்தக் கம்பெனி மாத்திரைன்னு அவங்க கண்ணால பாக்கணுமாம். அட்டையைக் கொண்டு வரச் சொன்னாங்க.”

“கம்பெனி பேரை நான் எழுதித் தர்றேன்.”

“எழுத எனக்கும் தெரியும். அட்டையைக் கொடு.”

“கடையில இருக்கு. வீட்டுல வைக்கக்கூடாதுன்னு சொன்னதே அவங்கதான். இப்ப நீ கேக்கறதே தப்பு.”

அதில் குற்றம் சொல்ல இடமில்லை. முதல் நாள் டாக்டர் கேட்ட இருபது கேள்விகளில் ஒன்று, செத்துப்போனால் தேவலை என்று தோன்றுகிறதா என்பது. டிகிரி எதையும் சுற்றி வளைத்துப் பேசுகிறவள் இல்லை. ஆமாம், வாரத்தில் இரண்டு மூன்று நாள் தோன்றுகிறது என்று சொன்னாள். அம்மா அங்கேயே சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். டாக்டர் பேனாவை மூடிவிட்டு அண்ணனைப் பார்த்து, மாத்திரைகள் இவள் கையில் இருக்கக்கூடாது, யாராவது ஒருவர் வைத்துக்கொண்டு அன்றன்றைக்கு உள்ளதை மட்டும் எடுத்துக் கொடுங்கள், இவளே கேட்டாலும் அட்டையோடு தராதீர்கள் என்றார். அண்ணன் மருந்து மொத்த வியாபாரக் கிடங்கில் பதினொரு வருடமாக வேலை பார்க்கிறவன். பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி, அந்தப் பொறுப்பு அவன் கைக்குப் போயிற்று.

இன்றும் பொட்டலத்தைப் பிரித்து இரண்டு வெள்ளை மாத்திரைகளை அவள் உள்ளங்கையில் வைத்தான். அம்மா டம்ளரை நீட்டினாள். தினமும் டிகிரி இரண்டையும் ஒரே மடக்கில் தள்ளிவிடுவாள். ருசி பார்க்கவா மாத்திரை? ஆனால் இன்று கோபம். கோபத்தில் முதல் மாத்திரையை வாயில் போட்டவள் டம்ளரை வாங்காமல் அண்ணனை முறைத்துக்கொண்டே நின்றாள். மாத்திரை நாக்கில் கரைய ஆரம்பித்தது.

கசக்கவில்லை. மாவு மாதிரி இருந்தது. அவளுக்கு அந்த ருசி தெரியும், அந்த வாசனையும் தெரியும். எங்கே என்றுதான் பிடிபடவில்லை.

தண்ணீரைக் குடித்தாள். இரண்டாவது மாத்திரை கைக்குட்டைக்குள் போயிற்று. அம்மா திரும்பி அடுப்பை அணைத்தாள். அண்ணன் பைக் சாவியைத் தேடினான். இருவர் முகத்திலும் ஒரு கண்டம் கழிந்த நிம்மதி.

பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து, நாக்கை அண்ணத்தில் தேய்த்துக்கொண்டே போனாள். நாலாவது நிறுத்தத்தில் விளங்கிவிட்டது. சுண்ணாம்புத் தூள்.

டிகிரி வேலை பார்ப்பது பெயிண்ட் தொழிற்சாலையின் பரிசோதனைக்கூடத்தில். பெயிண்டில் பாதிக்குப் பாதி நிறமே கிடையாது. கெட்டியாக்க வெள்ளைத் தூள் கலப்பார்கள், மூட்டை மூட்டையாக வரும். வந்த மூட்டையில் ஒரு கரண்டி எடுத்துச் சோதிப்பது அவள் வேலை. மூன்று வருடமாக அந்தத் தூள் அவள் மூக்கிலும் நாக்கிலும் ஏறாத நாள் இல்லை. வீட்டுக்குப் போனால் அம்மா, “மாவு மில்லுல வேலை பாக்கறவ மாதிரி வர்ற, இதுக்கா டிகிரி?” என்பாள்.

நோய் முதலில் தெரிந்ததும் அந்தக் கூடத்தில்தான். கண்டுபிடித்தது லேப் மேடம். அவர் தலைமைப் பரிசோதகர், சிரித்து யாரும் பார்த்ததில்லை. ஒரு நாள் டிகிரியைக் கூப்பிட்டுப் பதிவேட்டின் மூன்று மாதப் பக்கங்களை வரிசையாகப் புரட்டிக் காட்டினார். முதல் மாதம் எழுத்து கோட்டுக்குக் கோடு நிறைந்து நின்றது. அடுத்த மாதம் பாதிக் கோடு. கடைசிப் பக்கங்களில் எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்தது. உன் எழுத்து சின்னதாகிக்கொண்டே போகிறது, போய் டாக்டரைப் பார் என்றார். அவ்வளவுதான். அறிவுரை எதுவும் இல்லை. அறிவுரை சொல்லியிருந்தால் டிகிரி போயிருக்க மாட்டாள்.

வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. சொல்லப்போனால் வீட்டுக்கு அது நல்ல காலமாக இருந்தது. வாய் ஓயாமல் சண்டை போடுகிறவள், ரேஷன் வரிசை முதல் பேருந்து நடத்துநர் வரை ஒருவரையும் விடாதவள், ஆறு மாதமாக வாயே திறக்கவில்லை. போட்டதைச் சாப்பிட்டாள், போடாவிட்டால் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். குளிக்க எழுந்து போவதற்கு ஒரு மணி நேரம் தனக்குத் தானே கெஞ்ச வேண்டியிருந்தது அவளுக்கு மட்டும் தெரியும். பக்கத்து வீட்டுக்காரி அம்மாவிடம், உங்க பொண்ணு இப்பதான் பொண்ணா லட்சணமா இருக்கா என்று பாராட்டினாள். அம்மாவுக்கு வாயெல்லாம் பல். நோய் வந்து கிடந்தவளுக்கு அடக்கமானவள் என்று பட்டம். அதுதான் அவள் வாங்கிய இரண்டாவது டிகிரி.

டாக்டர் அறையில் அம்மாவே எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். அவளுக்கு ஒன்றும் இல்லை, கொஞ்சம் யோசிக்கிறாள், படிச்ச பிள்ளை இல்லையா. காதலா? இல்லை. கடனா? இல்லை. அப்புறம் ஏன்? அந்த ஏன் மட்டும் அம்மாவை விடவில்லை. வயிற்றில் கட்டி என்றால் கட்டி இருக்கிறது, எடுத்துவிடலாம். ஒன்றுமே இல்லாமல் ஒருத்தி எப்படிப் படுப்பாள்?

டாக்டர் ஆறிப்போன தேநீரைக் குடித்துக்கொண்டே ரத்தப் பரிசோதனை எழுதினார். தைராய்டு குறைந்தாலும் இப்படிப் படுத்தும், முதலில் அதைப் பார்த்துவிடலாம் என்றார். அது சரியாகவே இருந்தது. குடும்பத்தில் யாருக்காவது இப்படி இருந்திருக்கிறதா என்று கேட்டார். அம்மா தலையை ஆட்டினாள், யாருக்கும் இல்லை. டிகிரிக்குப் படுக்கை அத்தை ஞாபகம் வந்தது. அப்பாவின் அக்கா. பின்னறையில் ஏழு வருடம் படுத்திருந்தவள். சோம்பேறி, திமிர் பிடித்தவள், வேலைக்குப் பயந்தவள் என்று ஆளுக்கொரு பெயர் வைத்தார்கள், வைத்தியம் மட்டும் யாரும் பார்க்கவில்லை. கண்ணெதிரே இளைத்து இளைத்து ஒரு காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். டிகிரி அத்தையைப் பற்றிச் சொன்னாள். அம்மா அவள் தொடையைக் கிள்ளினாள். டாக்டர் எழுதிக்கொண்டார்.

ஏன் வந்தது என்று டிகிரியும் கேட்டாள். டாக்டர் அவள் வேலை என்ன என்று விசாரித்துவிட்டு, சுவரில் பெயிண்ட் உரிந்தால் ஒரே காரணமா என்றார். டிகிரிக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. சுவர் ஈரமாக இருந்திருக்கும், அடியில் சரியாகத் தேய்த்திருக்க மாட்டார்கள், பூச்சு மெலிசு, வெயில் அதிகம். ஒவ்வொன்றும் தனித்தனியாக வந்தால் சுவர் தாங்கும். நான்கும் சேர்ந்தால் உரியும். அத்தையிடமிருந்து வந்தது ஒன்று. தூக்கமில்லாத இரண்டு வருட இரவுப்பணி ஒன்று. இன்னொன்று, வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாதது: அண்ணன் பத்தாவதோடு நின்றது அவள் படிப்பதற்காக. அவள் தோற்றால் இரண்டு பேர் தோற்றதாகக் கணக்கு. அப்படிப்பட்டவளுக்குக் களைப்படையக்கூட உரிமை கிடையாது.

மாத்திரை வேலை செய்ய மூன்று நான்கு வாரம் ஆகும், நடுவில் நிறுத்தக்கூடாது, தெளிந்த பிறகும் மாதக்கணக்கில் சாப்பிட வேண்டும், கூடவே வாரம் ஒரு முறை ஆலோசகரிடம் உட்கார்ந்து பேச வேண்டும் என்று டாக்டர் சொன்னார். உடம்புக்குப் பழகட்டும் என்று முதல் ஏழு நாள் பாதி மாத்திரை.

அந்தப் பாதிதான் இப்போது அவளுக்கு வேண்டியிருந்தது.

பரிசோதனைக்கூடத்தின் பின்சுவர் முழுக்க ஒரு மர அலமாரி. உள்ளங்கை அளவு டப்பாக்கள் ஆயிரத்துக்கு மேல் அதில் இருக்கும். தொழிற்சாலையில் காய்ச்சிய ஒவ்வொரு கலவையிலும் கொஞ்சம் எடுத்து, தேதியும் எண்ணும் ஒட்டி இரண்டு வருடம் வைத்திருப்பார்கள். வெளியே போன பெயிண்டைப் பற்றிப் புகார் வந்தால் அந்த டப்பாவைத் திறந்து ஒப்பிட வேண்டியதுதான். ஆளைத் திட்டாதே, மாதிரியை எடு. லேப் மேடம் வேலைக்குச் சேர்கிறவர்களிடம் சொல்லும் ஒரே வாக்கியம் அது. மூன்று வருடத்தில் டிகிரிக்கு அது ரத்தத்தில் ஊறிவிட்டது. எதில் மிச்சம் விழுந்தாலும் எறிய மனம் வராது. அந்த முதல் வாரம் அண்ணன் ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஒரு மாத்திரையைக் கொடுத்தான், இவள் கத்தியால் பிளந்து இரண்டு நாளுக்கு வைத்துக்கொண்டாள். ஏழு நாளில் நாலு மாத்திரை, ஒரு பாதி மிச்சம். அதைச் சின்னக் கண்ணாடிக் குப்பியில் போட்டு, தேதி எழுதி ஒட்டி, லேப் மேசை இழுப்பறையில் போட்டாள். எதற்கு என்று யாராவது கேட்டிருந்தால் அவளுக்கே சொல்லத் தெரிந்திருக்காது.

இன்று குப்பியையும் கைக்குட்டையையும் அருகருகே வைத்தாள். இரண்டும் வெள்ளை, இரண்டும் வட்டம். அண்ணன் கெட்டிக்காரன், ஒரே அளவில் பார்த்து எடுத்திருக்கிறான். கைக்குட்டையில் இருந்ததைப் பிளந்தாள். பாதியின் வெட்டுமுகம் வழுவழுப்பாக இருந்தது, ஓரத்தில் மெல்லிய தோல் ஓடியது. இதன் வெட்டுமுகம் சொரசொரப்பு, தோல் இல்லை. கண்ணை நம்பலாம், ஆனால் கண் சாட்சி இல்லை. இரண்டிலும் துளித் துளி சுரண்டி இரண்டு கண்ணாடித் தட்டில் போட்டாள். நீர்த்த அமிலத்தைச் சொட்டினாள்.

பாதியின் தூள் சும்மா நனைந்து கிடந்தது. மற்றது நுரைத்துப் பொங்கியது. தினமும் பத்து மூட்டைக்கு அவள் பார்க்கிற பொங்கல்தான். சுண்ணாம்பு என்றால் அமிலத்தில் நுரைக்கும், பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். எலும்புக்குப் போடும் சுண்ணாம்புச் சத்து மாத்திரை.

அவள் உடனே எழுந்திருக்கவில்லை. நுரை அடங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். மனசு கணக்குப் போட்டது. நாலாவது வாரத்தின் கடைசியில் ஒரு காலை, பேருந்து ஜன்னல் வழியே எதிரே போன லாரியின் நீலம் நீலமாகத் தெரிந்தது. அவ்வளவு நாளும் நிற அட்டையில் எண்ணைப் பார்த்துத்தான் நீலம் என்று எழுதினாள். அன்று மாலை அண்ணன் ஏதோ சொன்னதற்குச் சிரித்துவிட்டாள். சத்தமாக. அம்மா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். அதற்கு இரண்டு நாள் கழித்துத் தலைசுற்றல். தலையைத் திருப்பினால் மண்டைக்குள் கரண்ட் அடித்த மாதிரி ஒரு வெட்டு. ஒரு வாரம் அது, மருந்து திடீரென்று நின்றால் வருவது என்று இப்போது விளங்கியது. அப்புறம் பழைய குழி, முன்னைவிட ஆழமாக. டாக்டர் அளவை இரட்டிப்பாக்கினார். இரண்டு மாத்திரை. பயன் இல்லை. நேற்று டாக்டரே நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, மருந்தை மாற்ற வேண்டியிருக்கலாம், அதற்கு முன் அட்டையைப் பார்க்கிறேன் என்றார்.

சிரித்தாள். சிரித்ததைப் பார்த்து, சரியாகிவிட்டது என்று அண்ணன் நினைத்துவிட்டான்.

மருத்துவமனைக்குத் தொலைபேசியில் பேசினாள். டாக்டர் லைனுக்கு வர ஒன்பது நிமிடம் ஆயிற்று. அவள் சொன்னதைக் கடைசிவரை கேட்டார். பிறகு இன்றைக்கு எதையும் விழுங்காதே, கையில் இருக்கிற பாதியையும் விழுங்காதே, நாலு மணிக்கு வா என்றார். மறுபடி பாதியிலிருந்து ஆரம்பிக்கலாம், மருந்து உன்னிடம் தோற்கவில்லை, ஐந்து வாரமாக மருந்தே உனக்குள் போகவில்லை என்றார். இப்போது எப்படி இருக்கிறாய், தனியாக இருக்கிறாயா, அந்த எண்ணம் இருக்கிறதா என்று நேராகக் கேட்டார். டிகிரியும் நேராகச் சொன்னாள்: நேற்று இருந்தது, இன்று கோபம்தான் இருக்கிறது. மாத்திரையை யார் வைத்துக்கொள்வது என்பதையும் அப்போதே பேசி முடித்தார்கள்.

விடுப்புப் படிவத்தில் காரணம் என்ற கட்டம் ஒன்று உண்டு. அதில் இதுவரை வயிற்று வலி, முதுகு வலி என்று மாற்றி மாற்றி எழுதிக்கொண்டிருந்தாள். இன்று மனச்சோர்வு நோய், சிகிச்சை என்று எழுதினாள். கோட்டுக்குக் கோடு நிறைய. லேப் மேடம் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். கண்ணாடித் தட்டு இரண்டையும் பார்த்தார். கழுவிவிட்டுப் போ என்றார். கொஞ்சம் நின்று, “குப்பியைக் கையோட எடுத்துக்க” என்றார்.

அண்ணனின் கிடங்கு தொழிற்சாலையிலிருந்து இரண்டு தெரு தள்ளி. முன்பக்கம் சின்ன கவுண்ட்டர், மருந்துச் சீட்டோடு வருகிறவர்களுக்கு. பின்னால் கூரை வரைக்கும் இரும்பு அடுக்குகள், நடுவில் ஒரு ஆள் நடக்கிற சந்து, அட்டைப்பெட்டியும் பசை நாடாவும் கலந்த வாசனை. நாலாயிரம் மருந்து எங்கே இருக்கிறது என்று அண்ணனுக்குக் கண்ணைக் கட்டிவிட்டாலும் தெரியும். எதற்கு என்றுதான் பாதிக்கும் தெரியாது. முதலாளி சாப்பிடப் போயிருந்தார். அண்ணன் பெட்டி மேல் உட்கார்ந்து சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தான்.

“என்ன டிகிரி, இந்த நேரத்துல? கம்பெனியைப் பூட்டிட்டாங்களா?”

அவள் குப்பியைப் பெட்டி மேல் வைத்தாள். பக்கத்தில் கைக்குட்டையை விரித்தாள்.

அண்ணன் இரண்டையும் பார்த்தான். மருந்து ஆளுக்கு விளக்கம் வேண்டாம். டப்பாவை மூடினான்.

“எந்த ரேக் இது?” என்றாள்.

“மூணாவது. கீழ் வரிசை.” டப்பாவைத் தள்ளி வைத்தான். “சுண்ணாம்புச் சத்துதான். ஒண்ணும் பண்ணாது. நல்லதுதான் அது.”

“எதுக்கு நல்லது? எனக்கு எலும்பா முறிஞ்சுது?”

அவன் எழுந்து சந்துக்குள் நாலடி நடந்து ஓர் அடுக்கைத் தட்டினான். அவளுடைய மாத்திரை இருக்கும் அடுக்கு. அங்கிருந்தே பேசினான், முகத்தைக் காட்டாமல்.

“இதைப் பாரு. பதினோரு வருஷமா எடுத்துக் கொடுக்கறேன். அந்தத் தையல்காரர், பள்ளிக்கூட வாட்ச்மேன், கண்ணாடி போட்ட ஒரு டீச்சர். நான் வேலைக்குச் சேந்தப்ப வாங்கினவங்க இன்னைக்கும் வாங்கறாங்க. ஒருத்தராவது போதும்னு நிறுத்திப் பாத்ததில்ல. உள்ள போனா வெளிய வர முடியாத மாத்திரை இது. நீ அன்னைக்குச் சிரிச்சே. சரி, தெளிஞ்சுட்டா, இதோட காப்பாத்திடலாம்னு நெனச்சேன். அம்மாகிட்டயும் கேட்டேன். அவங்களும் சரின்னாங்க.”

டிகிரி அந்த அடுக்கைப் பார்த்தாள். கோபம் நாக்கு நுனி வரை வந்து, அங்கே வேறொன்றாக மாறி நின்றது. இது பொய் இல்லை. இவன் பதினொரு வருடம் நின்று பார்த்த உண்மை. ஆனால் நின்ற இடம் தப்பு.

“வயித்துப்போக்கு மாத்திரை வாங்கிட்டுப் போனவன், நின்னுடுச்சுன்னு வந்து உனக்கு வணக்கம் வச்சுட்டுப் போறானா?”

“அது வேற.”

“அதேதான். குணமானவன் உன் கவுண்ட்டருக்கு ஏன்ணா வரப்போறான்? போனவன் எவனையும் நீ பாக்கல. வர்றவனை மட்டும் பாத்துட்டு, யாருமே குணமாகலன்னு முடிவு பண்ணிட்ட.” மூச்சு வாங்கிக்கொண்டாள். “அந்தத் தையல்காரரும் இதைச் சாப்பிடறதாலதான் எழுந்து குளிச்சு, தெச்சு, நடந்து உன்கிட்ட வர்றாரு. சுகருக்கு வருஷக்கணக்கா வாங்கறவனை உள்ள மாட்டிக்கிட்டவன்னு சொல்றியா நீ?”

அண்ணன் அடுக்கின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். அந்தப் பக்கமிருந்து யோசித்ததே இல்லை என்பது அவன் முதுகிலேயே தெரிந்தது.

“அத்தை மாதிரி ஆயிடுவியோன்னு பயமா இருந்துச்சு டிகிரி.”

“அத்தைக்கு யாரும் ஒரு மாத்திரைகூடக் கொடுக்கலண்ணா.”

தெருவில் ஒரு வண்டி பின்னோக்கி நகரும் ஒலி கேட்டுக்கொண்டே இருந்து, நின்றது. டிகிரி குப்பியைக் கையில் எடுத்து மூடியைத் திருகினாள். அது ஏற்கெனவே இறுக்கமாகத்தான் இருந்தது. இனிமேல் சொல்லப்போவதைச் சொல்லாமல் போய்விடலாமா என்று தோன்றியது. சொல்லாமல் போனால் அது அவளோடு வீட்டுக்கு வரும்.

“அஞ்சு வாரம்” என்றாள். “அஞ்சு வாரமா நான் என்ன நெனச்சேன் தெரியுமா? எல்லாருக்கும் வேலை செய்யற மருந்து எனக்கு மட்டும் செய்யல, நான் மருந்துக்கும் அடங்காதவ, இனிமே ஒண்ணும் இல்லன்னு. போன செவ்வாய்க்கிழமை அந்த நெனப்போடதான் பாலத்து மேல நடந்து போனேன். ரொம்ப நேரம் நின்னுட்டு வந்தேன். அன்னைக்கு உன் சத்து மாத்திரை ரெண்டு என் வயித்துல இருந்துச்சு.”

அண்ணன் திரும்பினான். அவன் அழுது அவள் பார்த்ததில்லை. இப்போதும் அழவில்லை. பெட்டி மேல் உட்கார்ந்தான், எழுந்தான், மேசையின் அடி இழுப்பறையைச் சாவி போட்டுத் திறந்தான். உள்ளே அவளுடைய மாத்திரை அட்டைகள், ரப்பர் வளையம் போட்டு. பிரிக்காதவை. மாதா மாதம் சீட்டுப்படி வாங்கியிருக்கிறான், சரக்கோடு திருப்பி வைக்கவும் இல்லை, தூக்கி எறியவும் இல்லை. மனசுக்குள் எங்கோ ஓர் ஓரத்தில் அவனுக்கும் சந்தேகம் இருந்திருக்கிறது.

அத்தனையையும் அள்ளி அவள் முன்னால் நீட்டினான்.

“இந்தா. காலையில கேட்டேல்ல. எல்லாமே உன்னோடதுதான். எடுத்துக்க.”

டிகிரி கையை நீட்டவில்லை. அட்டைகளைப் பார்த்தாள். வெள்ளி முதுகு, அடுக்கடுக்காகக் குமிழ்கள். காலையில் இதற்காகத்தான் வாசலில் நின்று சண்டை போட்டாள். இப்போது இத்தனையும் கைக்கு எட்டும் தூரத்தில் வந்து நிற்கிறது, செவ்வாய்க்கிழமை போய் முழுசாக மூன்று நாள் ஆகவில்லை. அவளுக்கு அவளைத் தெரியும். ஒரு அடி பின்னால் தள்ளி நின்றாள்.

“வேண்டாம். என் கையில கொடுக்காதே.”

“நீதானே கேட்ட?”

“பாக்கறதுக்குக் கேட்டேன், வச்சுக்கறதுக்கு இல்ல. டாக்டர் சொன்னது சரி. அவங்க கொடுத்த கைதான் தப்பாப் போச்சு.”

அவன் கை தானாகக் கீழே இறங்கியது. அப்ப யார் வச்சுக்கறது என்று கேட்டான். அம்மாவா, அப்பாவா என்றான். வெல்டிங் பட்டறையிலிருந்து அப்பா வீடு திரும்பவே ஒன்பது மணி ஆகும் என்று அவனே சொல்லி அவனே தலையாட்டிக்கொண்டான். டிகிரி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். இந்தப் பேச்சு அவளைப் பொறுத்தவரை டாக்டரோடு தொலைபேசியிலேயே முடிந்துவிட்டது. மருத்துவமனையில் நர்ஸ் வைத்துக்கொள்வார். வாரம் ஒரு முறை ஆலோசகரைப் பார்க்கப் போகும்போது ஏழு நாளைக்கு உள்ளதை மட்டும் எண்ணிக் கொடுப்பார். அதை லேப் மேடம் வாங்கி வைத்துக்கொண்டு, அன்றன்றைக்கு உள்ளதைத் தன் முன்னால் விழுங்கச் சொல்வார், கேட்டாயிற்று. வீடு இதில் இல்லை. இதையெல்லாம் ஒரே மூச்சில் சொன்னாள்.

“வீடு இல்லையா?” என்றான் அண்ணன்.

“இப்போதைக்கு இல்ல.”

“என்மேல நம்பிக்கை போயிடுச்சு.”

“ஆமா” என்றாள். அவளுக்கு மழுப்பத் தெரியாது. “நீ எனக்காகப் படிப்பை விட்டே. அதை நான் மறக்கல. மறக்கவே முடியாதுங்கறதும் இந்த நோய்ல ஒரு பங்கு. ஆனா அதுக்கும் இதுக்கும் கழிச்சுக்க முடியாது.”

அவன் அட்டைகளை ரப்பர் வளையத்துக்குள் திரும்ப நுழைக்கப் பார்த்தான். வளையம் அறுந்து கீழே விழுந்தது.

“நாலு மணிக்கு டாக்டர் வரச் சொல்லியிருக்காங்க” என்றாள். “அட்டையை அவங்க பாக்கணும். எந்தத் தேதியில நிறுத்தினே, நீ எதை எத்தனை கொடுத்தன்னு அவங்களுக்குத் தெரியணும். அது உனக்குத்தான் தெரியும். வந்து நீயே சொல்லு. வரலன்னாலும் நான் ஆரம்பிச்சுடுவேன்.”

“இரு, பைக்ல கூட்டிட்டுப் போறேன். முதலாளி வந்ததும் சொல்லிட்டு...”

“வேண்டாம். நடக்கறேன். வெளிச்சத்துல நடக்கணும்னு சொல்லியிருக்காங்க.”

“வெயில்டி.”

“அதைத்தான் சொன்னாங்க.”

கைக்குட்டையை மடித்துச் சுண்ணாம்பு மாத்திரையோடு பெட்டி மேலேயே விட்டாள், அது அவன் சரக்கு. குப்பியைப் பையின் உள்ளறையில் போட்டாள். சந்தின் முடிவில் கவுண்ட்டர் பலகையைத் தூக்க வேண்டியிருந்தது. வெளியே ஒரு பெரியவர் மருந்துச் சீட்டை நீட்டிக்கொண்டு நின்றார், கடைக்காரப் பெண் என்று நினைத்துவிட்டார் போல. விரலில் தையல்காரர்கள் போடும் இரும்புத் தொப்பி இருந்தது.

“உள்ள அண்ணன் இருக்காரு, எடுத்துத் தருவாரு” என்று சொல்லிவிட்டு, பலகையைச் சத்தமில்லாமல் இறக்கி வைத்து, டிகிரி தெருவில் இறங்கி நடந்தாள்.